அந்த இரண்டு வரிகளைத் திரும்பச் சேருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பாலியல் சுகாதாரம் பற்றித் தீர்மானம் எடுக்கும் இடத்தில் இருக்கிற மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

டிசம்பர் 1 எயிட்ஸ் தினத்துக்காகத் தயாரித்த ஒரு தமிழ்த் துண்டுப்பிரசுரத்தின் வரைவில் இரண்டு வரிகள் இருந்தன. ஆண்களுக்கிடையிலான குதவழி உறவில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிக அதிகம் என்பது ஒன்று. அப்படி உறவு கொள்பவர்கள் கொன்டத்தோடு தண்ணீர்த் தன்மையான வழுக்கு ஜெல்லும் பாவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றது. அச்சாகி வந்தபோது இரண்டையும் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு சிவப்பு ரிபன் படமும், ஒழுக்கமாக வாழ்வதே பாதுகாப்பு என்று ஒரு வாசகமும் இருந்தன.

ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டோம். "எங்கட ஊர்ப் பக்கம் இதெல்லாம் போட ஏலாது. கோயிலும் சண்டைக்கு வரும், பள்ளிவாசலும் சண்டைக்கு வரும்" என்று பதில் வந்தது. சொன்னவர் நல்ல மனிதர், கோபமாகவும் சொல்லவில்லை. எந்த அலுவலகம், யார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவரை மாட்டிவிட்டால் தீரும் பிரச்சினை இல்லை இது. அந்தப் பதிலைத்தான் நான் கேட்ட எல்லா இடத்திலும் வேறு வேறு வார்த்தைகளில் தந்திருக்கிறீர்கள்.

நான் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்த தன்பாலீர்ப்பாளன். என் கூட்டாளிமாரையும் அவர்களுடைய கூட்டாளிமாரையும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவதும், ரிப்போர்ட் வரும்வரை வெளியே குந்தியிருப்பதும் பல வருடமாக எனக்கு ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் வருவார்கள். கலியாணம் முடித்தவர்கள்தான் பாதிக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். தங்களை 'கே' என்று சொல்லிக்கொள்பவர்கள் அவர்களில் குறைவு. பெண்களையும் பிடிக்கும், ஆண்களையும் பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒன்றுமே சொல்லாதவர்கள்தான் அதிகம். அதனால் 'எங்கட ஊரில் அப்படி ஆட்கள் இல்லை' என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். உங்கள் காத்திருப்பு வாங்கில் என் பக்கத்தில் இருக்கிறவர்கள் அவர்கள்தான்.

உங்கள் சுவரொட்டிகளில் எச்.ஐ.வி. எப்போதும் ஒரு பெண்ணின் வழியாகவே வருகிறது. தெருவில் நிற்கும் பெண், லொட்ஜில் இருக்கும் பெண், வெளிநாட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண். இதையே பார்த்துப் பார்த்து எங்கள் ஆட்களுக்கு என்ன விளங்கியிருக்கிறது தெரியுமா? "அது பொம்பளயள்ட்ட போனாத்தான் வரும், நாங்க ஆம்பிளயளோடதானே." கல்முனைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு நானா இதைச் சொல்லியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் ஒருவரும் சொல்லியிருக்கிறார். மேசன் வேலை செய்பவர், வங்கியில் வேலை செய்பவர், எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெண்ணிடம் போகும்போது மறக்காமல் கொன்டம் கொண்டுபோகிற ஒருவர், ஆணோடு இருக்கும்போது ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. பிள்ளை தங்கப் போவதில்லையே, பிறகு எதற்கு என்பது அவருடைய கணக்கு. உங்களிடமிருந்து அவர் படித்த பாடம் அது.

உண்மையான கணக்கு தலைகீழாக இருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டைப் பாருங்கள். சிகிச்சை எடுக்காத, தொற்றுள்ள ஒருவரோடு கொன்டம் இல்லாமல் 10,000 தடவை யோனிவழி உறவு நடந்தால் பெண்ணுக்குத் தொற்றுவது ஏறக்குறைய 8 தடவை. அதுவே குதவழி உறவாக இருந்து, உள்வாங்குபவர் பக்கம் எடுத்தால் 138 தடவை. குதத்தின் உட்சவ்வு மெல்லியது, இலேசாகக் கிழியும், தானாக ஈரம் சுரக்காது. இதில் ஒழுக்கமும் இல்லை, கலாசாரமும் இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி. எயிட்ஸ் பற்றிய ஒரு பிரசுரத்தில் மிக அதிக ஆபத்துள்ள வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எழுதினால் வாசிப்பவர் என்ன நினைப்பார்? அந்த வழியில் ஆபத்து இல்லை என்றுதான் நினைப்பார். நினைக்கிறார்கள்.

ஜெல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கும் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கைக்கெட்டுவது தேங்காய் எண்ணெய். இல்லாவிட்டால் வஸலின், பேபி ஒயில். எண்ணெய் பட்டால் லேட்டெக்ஸ் கொன்டம் சில நிமிடத்திலேயே பலம் இழந்து இலேசாகக் கிழியக்கூடும். இந்த ஒரு விஷயத்தை அறியாமல், கொன்டம் பாவித்தும் கிழிந்து போனவர்கள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு அவர்கள் எடுக்கும் முடிவு, 'கவர்மென்ட் கொன்டம் தரமில்லை, போட்டும் ஒன்றுதான் போடாமலும் ஒன்றுதான்' என்பது. கொன்டத்தில் பிழையே இல்லை. பக்கத்தில் இருந்த எண்ணெய்ப் போத்தலைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பாமசிக்குப் போய் ஜெல் கேட்கலாம்தான். கேட்டுப் பாருங்கள். "யாருக்கு? மிஸிஸுக்கா?" என்று கவுண்டரில் நிற்கும் தம்பி சத்தமாகக் கேட்பார். பின்னால் உங்கள் மச்சானோ, உங்களுக்குப் படிப்பித்த சேரோ நிற்பார். காத்தான்குடியிலோ காரைதீவிலோ அக்கரைப்பற்றிலோ பாமசிக்குப் போய் தெரிந்த முகம் பார்க்காமல் திரும்பியவர் இருந்தால் சொல்லுங்கள். நாங்கள் போன கிளினிக்கில் கொன்டம் தாராளமாகத் தருகிறார்கள், அதற்கு நன்றி. ஜெல் கேட்டால், வந்தால் தருவோம் என்கிறார்கள். குதவழி உறவுக்கு ஜெல் இல்லாமல் கொன்டம் மட்டும் கொடுப்பது அரை வேலை.

இனி உள்ளே நடப்பது. நான் கூட்டிப்போன ஓர் இடத்தில் கேட்கும் கேள்விகள் இப்படிப் போகும்: "கலியாணம் முடிச்சிட்டீங்களா தம்பி? இல்லையா? அப்ப லவ் ஏதும் இருக்கா? அந்தப் பிள்ளையோட ஏதும் நடந்ததா?" எல்லாக் கேள்வியிலும் ஒரு பெண் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு, "இல்ல டொக்டர், ஆம்பிளயோடதான்" என்று திருத்திச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்? அரைக் கதவு திறந்திருக்கிறது, வெளியே பத்துப் பேர் இருக்கிறார்கள். தலையை ஆட்டிவிட்டு வருவார். எச்.ஐ.வி.க்கும், சிபிலிஸைப் பார்க்கும் வி.டி.ஆர்.எல்.லுக்கும் இரத்தம் எடுப்பார்கள், சில வேளை சிறுநீரும் கேட்பார்கள். கொனோரியா, கிளமிடியா போன்ற பாலியல் நோய்கள் தொண்டையிலும் குதத்திலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கக்கூடியவை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் பஞ்சு வைத்து மாதிரி எடுத்தால்தான் பிடிபடும், சிறுநீரில் தெரியாது. கேள்வி சரியாக வராததால் சோதனையும் சரியாக நடப்பதில்லை. அவர் 'எல்லாம் கிளியர்' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்.

அதே கிழக்கில் இன்னொருவரும் இருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, "பொம்பளயளோடயா, ஆம்பிளயளோடயா, ரெண்டு பேரோடயுமா? எதைச் சொன்னாலும் எனக்கு ஒண்டுதான். சொன்னாத்தான் எங்க சோதிக்கிற எண்டு தெரியும்" என்று, காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்பது போலக் கேட்பார் அந்தத் தாதி அம்மா. அவரிடம் காட்டுவதற்காகவே ஆட்கள் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். அவர் கேட்கும் கேள்வி உங்கள் பயிற்சிப் புத்தகங்களிலேயே இருக்கும். மற்றவர்கள் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கு இடமாற்றம் வந்தால் நாங்கள் எங்கே போவது?

சிபிலிஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது தனியார் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர்மாரையும் சேரும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. நோகவில்லை. சில வாரத்தில் தானாக ஆறிவிட்டது. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட. ஒரு டொக்டர் அலர்ஜி என்று குளிசை கொடுத்தார், இன்னொருவர் தேமலுக்குக் களிம்பு கொடுத்தார். உள்ளங்கையில் தடிப்போடு வரும் ஆளிடம் சிபிலிஸ் இருக்குமோ என்று யோசிப்பது மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தரும் விஷயம். ஆள் கலியாணம் முடித்தவர், நெற்றியில் திருநீறு, கையில் பிள்ளை. அதனால் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை. கடைசியில் அது எப்படிப் பிடிபட்டது? மனைவி கர்ப்பமானார். கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுத்த வி.டி.ஆர்.எல். காட்டிக் கொடுத்தது. பென்சிலின் ஊசியில் சுகப்படுத்தக்கூடிய ஒரு நோய், அதைக் கண்டுபிடிக்க ஒரு பெண் பிள்ளைத்தாச்சியாக வேண்டியிருந்தது.

இந்தக் கர்ப்பிணிக் கிளினிக்கை வைத்தே உங்களோடு வாதாட விரும்புகிறேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் கடத்தப்படுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. பெரிய சாதனை, நானும் பெருமைப்படுகிறேன். அது எப்படி நடந்தது? படுவான்கரையில் ஆற்றைக் கடந்து, வயலைக் கடந்து போய், வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பதிந்து, ஒருவரையும் விடாமல் இரத்தம் எடுக்க வைத்த குடும்பநல உத்தியோகத்தர்களால் நடந்தது. அவர்கள் எந்தத் தாயையும் பார்த்து 'நீ ஒழுக்கமானவளா' என்று கேட்டுவிட்டு இரத்தம் எடுக்கவில்லை. எல்லாரிடமும் எடுத்தார்கள். முதலில் அதற்கும் ஊர் முணுமுணுத்திருக்கும். இன்று எந்த மாமியாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆக, இந்த மாகாணத்தில் உங்களால் முடியும். மனம் வைத்தால் ஒரு ஆள் தவறாமல் போய்ச் சேர உங்களால் முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி.

ஆனால் ஆண்கள் பக்கம்? நாட்டில் புதிதாகப் பதிவான எச்.ஐ.வி. தொற்று 2022 இல் 607, 2023 இல் ஏறக்குறைய 700. இவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள், அந்த ஆண்களிலும் பெரும் பங்கினர் ஆண்களோடு உறவு கொண்டவர்கள் என்று கொழும்பிலிருந்து வரும் உங்கள் துறையின் அறிக்கைகளே சொல்கின்றன. இவை உங்கள் மேசையில் இருக்கும் எண்கள். கிழக்குக்கு வரும்போது மட்டும் அவை ஏன் தமிழ்ப் பிரசுரத்தில் ஏறுவதில்லை? எங்கள் மாவட்டங்களில் எண்ணிக்கை குறைவு என்று சொல்வீர்கள். எங்கள் ஆட்கள் பரிசோதிக்க இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகிறார்கள், தெரிந்த முகம் இருக்காது என்பதற்காக. அங்கே பதிவானால் அது இங்கத்தைய கணக்கில் எப்படி வரும்? பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் இல்லாதவர்கள் போவதே இல்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள், உடம்பு மெலிந்து வாட்டில் படுக்கும்வரை.

இன்னொரு சம்பவம். ஒரு வெள்ளி இரவு ஒருவருக்குக் கொன்டம் கிழிந்துவிட்டது. அவருக்கு விஷயம் தெரியும். ஆபத்தான உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் தொற்றைத் தடுக்கலாம் என்று வாசித்திருந்தார். சனி காலை ஓர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். விஷயத்தைச் சொல்லவே அரை மணி நேரம் எடுத்திருக்கிறது பாவம். அதற்குக் கிடைத்த பதில், "அது எஸ்.டி.டி. (பாலியல் நோய்) கிளினிக் பார்க்கிறது, திங்கள் வாங்க." திங்கள் போயா விடுமுறை. செவ்வாய் காலை கிளினிக் திறந்தபோது 72 மணித்தியாலம் தாண்டிவிட்டது. மூன்று மாதம் அவர் நித்திரை கொள்ளவில்லை. நல்லகாலம், நெகட்டிவ். இங்கே நான் கேட்க நினைப்பது இதுதான்: அன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் ஒரு தாதிக்கு நோயாளியின் ஊசி தவறிக் குத்தியிருந்தால், செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருப்பீர்களா? அவருக்கும் கொடுப்பது இதே வகை மருந்துதான். அலுமாரிச் சாவி யாரிடம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தொற்று வருமுன் எடுக்கும் குளிசையைப் பற்றி, அதாவது பிரெப் பற்றி, இந்தப் பக்கம் கேள்விப்பட்டவர்களே குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2015 இலேயே, தொற்று ஆபத்து கூடியவர்கள் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைத்துவிட்டது. ஒழுங்காக எடுத்தால் உறவு மூலம் எச்.ஐ.வி. தொற்றுவதை ஏறக்குறைய 99 சதவீதம் தடுக்கும். தினமும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆண்கள் உறவுக்கு 2 முதல் 24 மணித்தியாலத்துக்கு முன் இரண்டு குளிசை, பிறகு 24 மணித்தியாலத்துக்கு ஒன்றாக இரண்டு நாள் என்று எடுக்கும் முறையையும் 2019 இல் அதே நிறுவனம் ஏற்றுக்கொண்டது. முதலில் எச்.ஐ.வி. இல்லை என்று பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் ஹெபடைட்டிஸ் பி.யையும் பார்க்க வேண்டும், அதற்குத்தான் டொக்டர் வேண்டும். இலங்கையிலும் அரச கிளினிக்குகள் ஊடாக இது கொடுக்கப்படுகிறது. வாய்நீரை வைத்து வீட்டிலேயே எச்.ஐ.வி. பார்க்கும் கருவியும் நாட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நான் சந்திக்கும் ஆட்கள் இவற்றை யூடியூபில் இந்தியாக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறார்கள், அல்லது ஆங்கிலம் வாசிக்கிற ஒரு கூட்டாளி சொல்கிறார். சிலபேர் அரைகுறையாக விளங்கிக்கொண்டு, உறவுக்கு அடுத்த நாளே வீட்டுக் கருவியில் பார்த்துவிட்டு நிம்மதியாகிறார்கள். அந்தக் கருவியின் 'நெகட்டிவ்' மூன்று மாதம் கடந்த பிறகுதான் முழுதாக நம்பக்கூடியது என்பதைத் தமிழில் அவர்களுக்கு யார் சொல்வது? தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியை 2025 இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. உலகம் அங்கே போய்விட்டது. நாங்கள் இங்கே தேங்காய் எண்ணெயில் நிற்கிறோம்.

தொற்றோடு வாழ்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருந்து இலவசம், பெரும்பாலும் நாளுக்கு ஒரு குளிசை. ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவு மூலம் மற்றவருக்குத் தொற்றாது. 2019 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஒருவருக்குத் தொற்றுள்ள 782 ஆண் சோடிகளை வருடக்கணக்கில் பார்த்தார்கள். கொன்டம் இல்லாத 76,000 க்கும் அதிகமான உறவுகளில், சிகிச்சை எடுக்கும் துணையிடமிருந்து ஒரு தொற்றுக் கூடப் பரவவில்லை. இந்தச் செய்தி ஊரில் பரவியிருந்தால் எத்தனை பேர் இரத்தம் பார்க்கத் துணிந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். இப்போது பரவியிருப்பது பயம் மட்டும்தான். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததும் அல்ல. குருநாகல் மாவட்டத்தில் ஒரு ஆறு வயதுப் பிள்ளை, தொற்று இல்லாமலே, வதந்தியால் பாடசாலைக்குப் போக முடியாமல் 2016 இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்த நாடு இது. ஒரு பிள்ளைக்கே அப்படி என்றால் எங்களைப் போன்ற ஆட்களுக்கு என்ன நடக்கும்? அதனால்தான் கிளினிக் கார்டை சைக்கிள் சீட்டுக்குக் கீழே ஒளித்து வைக்கிறார்கள். மருந்து எடுக்கப் போகும்போது ஒரு சொந்தக்காரரைக் கண்டுவிட்டால் அந்த மாதம் மருந்தே எடுக்காமல் விடுகிறார்கள்.

சட்டத்தைக் காரணம் காட்டுவீர்கள் என்று தெரியும். தன்பால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365 ஏ பிரிவுகள் 1883 இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தின் மிச்சம். 1995 இல் அதைத் திருத்தியபோது நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் சேர்த்துக்கொண்டோம். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம், இதைக் குற்றமில்லாமல் ஆக்கும் தனிநபர் பிரேரணை அரசியலமைப்புக்கு முரணாகாது என்று சொல்லிவிட்டது. சட்டத்தை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை, உங்களைக் கேட்கவில்லை. ஆனால் நோயாளியிடம் சரியான கேள்வி கேட்பதையும் ஜெல் கொடுப்பதையும் எந்தப் பிரிவு தடுக்கிறது? கொழும்பில் தடுக்காத சட்டம் கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் தடுக்குமா? பொலிஸ் வேறு விஷயம். பையில் கொன்டம் இருந்தால் அதை வைத்தே கதை கட்டுவார்கள் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு நிறைய உண்டு, கடற்கரையில் விசாரிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களும் உண்டு. நீங்கள் கொடுக்கும் கொன்டத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோயிலும் பள்ளிவாசலும் சண்டைக்கு வரும் என்ற பேச்சுக்கு வருகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன், மாமாங்கத்துக்கு வருடாவருடம் போகிறவன். மதப் பெரியவர்களிடம் எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டு இந்த மடல் எழுதவில்லை, அது வேறு நாள் பேச வேண்டிய பேச்சு. நீங்கள் அவர்களிடம் போய்க் கேட்டீர்களா? கேட்டு, அவர்கள் மறுத்து, அதன் பிறகா வரிகளை எடுத்தீர்கள்? எனக்குத் தெரிந்தவரை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நீங்களே முடிவு செய்து, நீங்களே வெட்டிவிட்டீர்கள். சண்டை வந்தால் பேசிப் பார்க்கலாம். வராத சண்டைக்குப் பயந்து எடுத்த வரிகளின் விலையை நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம், எங்கள் மனைவிமாரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுவிடுகிறேன்.

அந்த இரண்டு வரிகளையும் அடுத்த பிரசுரத்தில் திரும்பச் சேருங்கள். சந்தியில் ஒட்டும் சுவரொட்டியில் வேண்டாம் என்றால் சரி, அதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். கிளினிக்கின் உள்ளே, ஓ.பி.டி.யில், பாமசிக் கவுண்டரில் வைக்கும் தாளிலும், போனில் வாசிக்கக்கூடிய தமிழ்ப் பக்கத்திலும் அவை கட்டாயம் இருக்க வேண்டும். எழுதும்போது எங்களில் இருவரையாவது கூப்பிட்டு வாசிக்கக் கொடுங்கள். எண்ணெய் பாவிக்கக் கூடாது என்பதும், பிரெப் என்றால் என்ன, எங்கே கிடைக்கும் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஒவ்வொரு பாலியல் நோய்க் கிளினிக்கிலும் வரும் ஒவ்வொரு ஆணிடமும், கலியாணம் முடித்தவரா இல்லையா என்று பார்க்காமல், துணை ஆணா பெண்ணா இருவருமா என்று கதவைச் சாத்திக் கேளுங்கள். பதிலுக்கு ஏற்றபடி தொண்டை, குதம் எல்லாம் சோதியுங்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த அந்தத் தாதி அம்மாவைப் போன்றவர்களை வைத்தே மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், கொழும்பிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. அம்பாறைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் போகும் இடங்களில் தமிழ் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். இந்த விஷயத்தை மொழிபெயர்ப்பதற்கு யாராலும் ஓட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

72 மணித்தியால மருந்தின் முதல் நாட்களுக்கான அளவை, இரண்டு மாவட்டத்திலும் 24 மணித்தியாலமும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வையுங்கள். கடமையில் இருக்கும் டொக்டர் கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் அதைத் தொடங்கலாம் என்று எழுத்தில் ஒரு சுற்றுநிருபம் அனுப்புங்கள். இது எல்லாவற்றிலும் அவசரம். இதற்கு ஊரிடம் அனுமதியும் கேட்கத் தேவையில்லை.

கொன்டம் கொடுக்கும் எல்லா இடத்திலும் ஜெல்லும் கொடுங்கள். கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் வரக்கூடியபடி வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஏழு மணி வரை கிளினிக்கைத் திறந்து வையுங்கள். மருந்து எடுக்கிறவர்களுக்கு, விரும்பினால் மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுங்கள், அல்லது பக்கத்து மாவட்டத்தில் எடுக்க விடுங்கள். பொலிஸ் அதிகாரிகளோடு நீங்கள் இருக்கும் மாவட்டக் கூட்டங்களில், கொன்டத்தைச் சாட்சிப் பொருளாக எடுக்க வேண்டாம் என்று சுகாதாரத் துறை சார்பில் சொல்லுங்கள், சொன்னது கூட்ட அறிக்கையில் பதிவாகட்டும்.

பதில் அனுப்ப என்னிடம் முகவரி கேட்காதீர்கள். கிளினிக் வாசலிலும் உங்கள் பேஸ்புக் பக்கத்திலும் தமிழில் போடுங்கள்: மாலைக் கிளினிக் எந்த நாள், இரவில் மருந்து கேட்டு எந்த வாசலுக்கு வர வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

மட்டக்களப்பிலிருந்து ஒருவன்